யானைத் துப்பாக்கியின் கதை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் கோயில்களைப் பற்றியும் புலவர் பெருமக்களைப் பற்றியும் அன்பர் பலர் எழுதி வருகின்றனர். அவர்களுக்கு நடுவே துப்பாக்கியைப் பற்றி எழுத வந்திருக்கும் என்னைக் கண்டு சிலர் வியப்படையலாம். நான் ரெயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். துப்பாக்கி ஏந்திச் சுட்டவனும் அல்லன். ஆயினும், பீரங்கி வண்டித் தொழிற்சாலை 1904ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் ஜபல்பூரில் குடியிருப்பவனுக்குப் படைக்கலங்களைப் பற்றிய பேச்சு காதில் விழாமல் இராது. அப்படி விழுந்த ஒரு பேச்சே இக்கட்டுரைக்கு வித்து.

2020ஆம் ஆண்டில் ஒரு நாள், எங்கள் குடியிருப்புக்கு அருகில் வாழும் முதியவர் ஒருவர் என்னை அழைத்தனுப்பினார். நிலபுலம் உள்ள பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டுமானால் அக்கம்பக்கத்தார் என்னிடம் வருவது வழக்கம். சென்று பார்த்தேன். கட்டிலின்மேல் மூன்று துப்பாக்கிகள் கிடந்தன. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று இருந்தது, இரண்டாகக் குறைக்கப்பட்டது. பாட்டன் வழி வந்த துப்பாக்கியும் அக்கணக்கில் சேர்ந்ததே. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்படைப்புக் கடிதத்தை எழுதவே என்னை அழைத்திருந்தார்.

மூன்றில் இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது இரட்டைக் குழல் கொண்டது. குழலின் வாயில் என் கட்டை விரல் தாராளமாக நுழைந்தது. "பாபுஜி, தூக்கிப் பாருங்கள்" என்றார் பெரியவர். தூக்கினேன். ஏழு கிலோவுக்குக் குறையாது. தோளில் வைத்துக் குறி பார்க்க முயன்றேன். பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கிற்று. "இது 8 போர். யானைக்கும் காட்டெருமைக்கும் ஆனது. 1947இல் நாட்டை விட்டுச் சென்ற ஒரு துரையிடம் என் தகப்பனார் வாங்கினார். ஒரே ஒரு முறை மரத்தைக் குறி வைத்துச் சுட்டார். மூன்று நாள் தோள் வீங்கிக் கிடந்தார். அதன் பிறகு அதைத் துடைத்து வைத்ததுதான் எங்கள் வேலை" என்று சொல்லிச் சிரித்தார்.

இத்தனை பெரிய துப்பாக்கியை மனிதன் ஏன் செய்தான்? யார் வைத்திருந்தார்கள்? யாருக்கு மறுக்கப்பட்டது? வீடு திரும்பும் வழியெல்லாம் இவ்வினாக்களே மனத்தில் சுழன்றன. அன்று முதல் கிடைத்த நூல்களைப் படித்து அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகிறேன்.

எண் சிறுத்தால் துளை பெருக்கும்

முதலில் '8 போர்' என்பதன் பொருளைக் காண்போம். போர் என்னும் ஆங்கிலச் சொல் இங்கே குழலின் துளையைக் குறிக்கும். நம் மொழியின் போர் அன்று. ஒரு ராத்தல் ஈயத்தை எட்டுச் சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை எந்தக் குழலில் பொருந்துமோ அது 8 போர். பன்னிரண்டாக வார்த்தால் 12 போர். ஆகவே எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெருக்கும். 12 போர் உருண்டை ஏறக்குறைய 38 கிராம். 8 போர் உருண்டை 57 கிராம். 4 போர் உருண்டையோ கால் ராத்தல், அதாவது 113 கிராம். அதன் விட்டம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

இவ்வளவு ஈயம் எதற்கு? அக்காலத்து வெடிமருந்து வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்து. அது குண்டை வினாடிக்கு 400 அல்லது 450 மீட்டர் வேகத்துக்கு மேல் எளிதில் செலுத்தாது. ஈயமோ மென்மையானது, கெட்டியான எலும்பில் பட்டால் அப்பம்போல் தட்டையாகிவிடும். யானையின் மண்டை ஓடு தேன்கூடு போன்ற அறைகள் நிறைந்த தடித்த எலும்பு. மூளை அதனுள்ளே ஆழத்தில் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட வழியில்லை; ஈயத்தைக் கெட்டிப்படுத்த வெள்ளீயம் முதலியவற்றைக் கலந்தும் ஓரளவே பயன் கிட்டியது. எஞ்சியிருந்த ஒரே வழி, குண்டின் கனத்தைக் கூட்டுவதுதான். ஆகவே பெருந்துப்பாக்கி வலிமையினால் பிறந்ததன்று. மருந்தின் பலவீனத்தினால் பிறந்தது.

பீரங்கியின் குழந்தை

இத்துப்பாக்கிகளின் வரலாற்றில் தவறாமல் வரும் பெயர் சாமுவேல் பேக்கர். இவ்வாங்கிலேயர் 1846இல் இலங்கைக்கு வந்து, பின்னர் நுவரெலியாவில் குடியேறி, 1855 வரை அங்கு வாழ்ந்தவர். 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கிக் கொல்லரிடம் சொல்லி ஒரு ரைபிள் செய்துகொண்டார். அதன் எடை 21 ராத்தல்; குழலின் நீளம் 36 அங்குலம்; நீண்ட குண்டின் எடை நான்கு அவுன்ஸ்; மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். 12 போர்த் துப்பாக்கிக்கு மூன்று டிராம் மருந்தே போதும் என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும்.

அது போதாதென்று, 1861இல் நைல் நதியின் கிளைகளைத் தேடி அபிசீனிய எல்லைக்குச் சென்றபோது மற்றொன்றைக் கொண்டு சென்றார். அது லண்டன் ஹாலண்ட் கம்பெனியின் படைப்பு. அரை ராத்தல் எடையுள்ள வெடிகுண்டை எறியும். அவருடன் இருந்த அரபியர் அதற்குப் 'பீரங்கியின் குழந்தை' என்று பொருள்படும் பெயரிட்டனர். அப்பெயர் நீளமாக இருந்ததால் பேக்கர் அதைச் சுருக்கிக் 'குழந்தை' என்றே அழைத்தார். தன் துப்பாக்கியைக் கண்டு தானே அஞ்சியதாகவும், சுடும்போதெல்லாம் சூறைக்காற்றில் அகப்பட்ட காற்றுக்காட்டிபோல் சுழற்றப்பட்டதாகவும், ஆகையால் மிக அரிதாகவே அதைச் சுட்டதாகவும் அவர் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

காரணம் எளிய கணக்கு. குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே வரும். குண்டைவிடத் துப்பாக்கி எத்தனை மடங்கு கனமோ அத்தனைக்கு உதைப்பு அடங்கும். படைவீரனின் .303 ரைபிள் தன் குண்டைப்போல் சுமார் 350 மடங்கு கனம். பேக்கரின் 21 ராத்தல் ரைபிள் 84 மடங்கு. அவருடைய 'குழந்தை'யோ 40 மடங்குதான். .303இன் குண்டு இன்னும் வேகமாகச் செல்வது என்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் 'குழந்தை'யின் உதை பன்மடங்கு பெரிதாகவே நிற்கும். துப்பாக்கியின் எடையைக் கூட்டினால் தூக்க முடியாது. குறைத்தால் தாங்க முடியாது. பெருந்துப்பாக்கிக்காரன் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டவன்.

தென்னாப்பிரிக்கக் காடுகளில் 1870களில் யானை வேட்டையாடிய செலூஸ் என்பவரின் அனுபவமும் இதுவே. அவர் வாங்கியவை மலிவான 4 போர்த் துப்பாக்கிகள், எடையும் குறைவு. கைப்பிடி மருந்தை அள்ளிப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒரு நாள் துப்பாக்கி வெடிக்காமல் போயிற்று. உடன் சென்ற ஆள் அதை அறியாமல் மேலும் ஒரு முறை மருந்தும் குண்டும் கெட்டித்துக் கொடுத்துவிட்டான். அடுத்த முறை விசையை இழுத்தபோது செலூஸ் தூக்கி எறியப்பட்டார். இத்துப்பாக்கிகளைத் தாம் தொடாமலே இருந்திருக்கலாம் என்றும், அவற்றின் உதை தம் நரம்புகளைக் கெடுத்துப் பிற்காலத்தில் தம் குறியையே பாதித்தது என்றும் 1881இல் வெளியான நூலில் அவர் வருந்தி எழுதினார்.

இங்கு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள துப்பாக்கியைத் துரை நாளெல்லாம் சுமக்கவில்லை. சுமந்தவன் அவ்வூர் மனிதன். யானை எதிரே வந்த பின்னரே அது துரையின் கைக்கு மாறும். சுட்டதும் இரண்டாவது துப்பாக்கியைத் தயாராக நீட்ட வேண்டியவனும் அவனே. யானை திரும்பித் தாக்கினால் அவன் கையில் சுடுவதற்கு ஒன்றும் இராது. சுட்டவர் பெயர் நூலின் முகப்பில் இருக்கிறது. சுமந்தவன் பெயரைப் பெரும்பாலும் தேடித்தான் காண வேண்டும்.

தலைக்கு விலை

இத்துப்பாக்கிகள் என்ன செய்தன? இலங்கையில் மேஜர் ராஜர்ஸ் என்னும் படை அதிகாரி 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று அக்காலத்தார் எழுதிவைத்தனர். அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். தனி மனிதர் விளையாட்டோடு இது நின்றுவிடவில்லை. யானைத் தலைக்கு அரசாங்கமே சில ஷில்லிங் வெகுமதி அளித்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3500 யானைகளுக்கும், தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2000 யானைகளுக்கும் வெகுமதி வழங்கப்பட்டதாக அங்கு உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னென்ட் பதிவு செய்துள்ளார். வன்னிக் காட்டு வழிகளில் திரிந்த பேருயிர்கள் கருவூலக் கணக்கேட்டில் ஷில்லிங்குகளாயின. நானும் கணக்கெழுதிப் பிழைப்பவன். இவ்வெண்களைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மைசூர்ச் சீமையில் பணிபுரிந்த ஸாண்டர்ஸன் வேறு வழியில் சென்றார். அவரும் 4 போர், 8 போர்த் துப்பாக்கிகளைக் கையாண்டவரே. எனினும் 1874இல் கெத்தா முறையில் யானைக் கூட்டத்தை வளைத்து உயிருடன் பிடித்துப் பழக்கிப் புகழ் பெற்றார். அவருடைய நூல் 1878இல் வெளிவந்தது. யானையை அணுகுவதற்குப் பெரிய துப்பாக்கி ஒன்றே வழியன்று என்பதற்கு அது சான்று. பிடிபட்ட யானைக்கும் துன்பம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

சட்டமும் குழலும்

அதே 1878ஆம் ஆண்டில்தான் லிட்டன் பிரபு ஆட்சியில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கோ விதிகளின்படி விலக்கு உண்டு. வயலில் பன்றியும் புலியும் இறங்கினால் உழவன் உரிமத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்; வேட்டைக்கு வந்த வெள்ளையன் காத்திருக்க வேண்டியதில்லை. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைத் தளர்த்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. நம் சென்னையில் எழுந்த அக்குரல், எல்லோரையும் சுட விடுங்கள் என்னும் குரலன்று. தன் நாட்டு மக்களை நம்பாத அரசைப் பார்த்து மானமுள்ள குடிகள் கேட்ட கேள்வி அது.

இதற்கிடையே மருந்து மாறிற்று. 1884இல் பிரான்சு நாட்டு வியெய் புகையில்லா மருந்தைக் கண்டார். 1889இல் பிரிட்டனில் ஏபெலும் டூவரும் கார்டைட் என்னும் மருந்தைச் செய்தனர். கயிறு போன்ற இழைகளாக இருந்ததால் அப்பெயர் பெற்றது. குண்டுக்கு உலோகக் கவசமும் வந்தது. 1898இல் ரிக்பி கம்பெனியார் .450 என்னும் புதிய வேட்டை ரைபிளை வெளியிட்டனர். அதன் குண்டு 31 கிராம்தான். கால் ராத்தல் உருண்டையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஆனால் வேகம் வினாடிக்கு 655 மீட்டர். கவசமிட்ட அச்சிறு குண்டு யானையின் மண்டையை ஊடுருவிச் சென்றது. பேக்கர் தூக்கிச் சுமந்த பெருங்குழல்கள் ஒரு தலைமுறைக்குள் பழம்பொருளாயின.

இவ்விடத்தில் வரலாறு வேடிக்கையான திருப்பம் ஒன்றைக் காண்கிறது. பிரிட்டிஷ் படையினர் 1871 முதல் ஏந்திய மார்ட்டினி ஹென்றி ரைபிளின் குழலும் .450 அங்குலம். அப்பழைய ரைபிள்கள் பல இடங்களில் பலர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. வேட்டைக்கென வரும் .450 தோட்டாக்கள் கலகக்காரர்களுக்கு உதவக்கூடும் என்று அரசு அஞ்சிற்று. 1905இல் வங்கத்தைப் பிரித்ததன் பின் நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. 1907இல் .450 தோட்டாக்கள் இந்தியாவிலும் சூடானிலும் இறக்குமதியாகக்கூடாதென்று தடை பிறந்தது.

இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத லண்டன் துப்பாக்கிக் கொல்லர்கள் என்ன செய்தார்கள்? எண்ணை மாற்றினார்கள்! ஹாலண்ட் கம்பெனி .465 செய்தது, ஜோசப் லாங்.470 செய்தார்; வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 செய்தது. வலிமை ஏறக்குறைய முன் இருந்ததே. துளை மட்டும் ஒரு மயிரிழை கூடுதல். குழலைச் சுருக்க வந்த சட்டம் குழலைப் பெருக்கிவிட்டது. ஆப்பிரிக்கக் காடுகளில் இன்றும் புழங்கும் .470 இரட்டைக்குழல் ரைபிள், இந்தியனைக் கண்டு ஆங்கில அரசு கொண்ட அச்சத்தில் பிறந்தது என்பதை அதை ஏந்துவோரில் எத்தனை பேர் அறிவர்?

நாடு விடுதலை பெற்ற பின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962இல் நடைமுறைக்கு வந்தது. நிறத்தை வைத்து விலக்கு அளிக்கும் வழக்கம் அதில் இல்லை. எனினும் படையின் தோட்டாவும் பொதுமக்களின் தோட்டாவும் ஒன்றாக இருக்கக்கூடாது என்னும் பழைய எண்ணம் தொடர்கிறது. .303 போன்றவை தடை செய்யப்பட்ட குழல்கள். அதனால்தான் கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர்த் தொழிற்சாலை பொதுமக்களுக்கென.315 ரைபிளைச் செய்தது. அன்று அந்நிய அரசின் அச்சமாக இருந்தது இன்று குடியரசின் கட்டுப்பாடாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னதைக் குடிமக்கள் கேட்க முடியவில்லை; பின்னதைப் பாராளுமன்றத்தில் கேட்கலாம்.

பெரிது எது?

பெருந்துப்பாக்கியின் பெருமையை முற்றிலும் உடைத்தவர் பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட இவர் பெரும்பாலும் பயன்படுத்தியது .275 அங்குலச் சிறு ரைபிள். இறந்த யானையின் மண்டையை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எத்திசையிலிருந்து எவ்விடத்தைக் குறி வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அவர் செய்த கொலையை நான் போற்றவில்லை. அறிவு கூடிய இடத்தில் ஈயம் குறைந்தது என்பதைச் சொல்லவே அவரைக் குறிப்பிட்டேன். துப்பாக்கியின் பருமன் சுடுபவனுடைய வீரத்தின் அளவன்று. பல நேரங்களில் அது அவனுடைய அச்சத்தின் அளவு.

நம் நாட்டில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1992இல் யானைத் திட்டம் தொடங்கிற்று. 2010இல் யானை தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. தலைக்கு விலை வைத்த காலம் போய்த் தலைமேல் வைத்துக் கொண்டாடும் காலம் வந்துவிட்டது என்று மகிழலாமா?

ரெயில்வே ஊழியனாகிய நான் முழுமையாக மகிழ முடியவில்லை. வட வங்கத்திலும் அஸ்ஸாமிலும், நம் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை–வாளையாறு வழியிலும் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு மாண்டிருக்கின்றன. 4 போர் உருண்டை கால் ராத்தல். எங்கள் எஞ்சின் நூறு டன்னுக்கு மேல். அதற்குக் குறி வைக்கவும் தேவையில்லை. இந்நிலையை மாற்ற முயற்சிகளும் நடக்கின்றன. மதுக்கரையில் 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் காமிராக்களும் கொண்டு யானையின் வரவை முன்கூட்டி அறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. வடகிழக்கு எல்லை ரெயில்வேயில் தண்டவாளத்தை ஒட்டிப் பதித்த கண்ணாடி இழைக் கம்பியே யானையின் காலடி அதிர்வை உணர்ந்து செய்தி அனுப்புகிறது. செய்தி வந்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். வண்டி சில நிமிடம் தாமதமாகும். பயணிகளாகிய நாம் அத்தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெருங்குழலைத் தோளில் தாங்கும் வலிமை நம்மில் யாருக்கும் வேண்டுவதில்லை. பத்து நிமிடம் பொறுக்கும் வலிமை எல்லோருக்கும் வேண்டும்.

மீண்டும் முதியவர் வீட்டுக்கு வருகிறேன். எதை ஒப்படைப்பது என்பதில் அவருக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பாட்டனார் பெயர் சொல்லும் பொருளைக் கொடுத்துவிட்டால் குடும்பத்தின் கௌரவம் என்னாவது என்று மகன் கேட்டார். பெரியவர் அந்த 8 போரின் அடிக்கட்டையைத் தடவியபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னை நோக்கி, "பாபுஜி, இதையே எழுதுங்கள். மற்ற இரண்டும் வயலுக்குக் காவல். இதற்கு எந்த வேலையும் இல்லை, இருக்கவும் வேண்டாம்" என்றார்.

ஒப்படைக்கும் காரணத்தை எப்படி எழுதுவது என்று சற்று யோசித்தேன். சட்டத் திருத்தத்தின்படி என்று மட்டும் எழுதினால் போதும். அதிகாரிக்கு அதற்குமேல் தேவையில்லை. ஆயினும் பெரியவர் சொன்னதையும் ஒரு வரியாக ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, அவருக்கு இந்தியில் படித்துக் காட்டினேன். அவர் தலையசைத்துக் கையொப்பமிட்டார். மகன் துப்பாக்கியைத் துணியில் சுற்றினார்; வாசல் வரை கொண்டு செல்ல இருவர் மாறி மாறிப் பிடிக்க வேண்டியிருந்தது.